செடிக்குள் இருக்கும் பாக்டீரியாவை டிஎன்ஏ வைத்து அடையாளம் காண்பது எப்படி? மொரீஷியஸ் தோட்டக்காரர்கள் கேட்ட கேள்விகள்

தாவர நோய்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கோயில் அன்னதானப் பந்தியில்கூட யாராவது ஒரு வாடிய இலையை நீட்டுவார்கள். "இதுல என்ன இருக்குன்னு டிஎன்ஏ பாத்துச் சொல்லு தம்பி" என்பார்கள். அதில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது. கேட்டவர்களில் பெல் மார் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் உண்டு, கொல்லையில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிற அத்தைமார் உண்டு, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதனால் சில பதில்கள் லேசாகவும் சில கொஞ்சம் கனமாகவும் இருக்கும். வேண்டாததைத் தாண்டிப் போகலாம்.

செடிக்குள் பாக்டீரியா இருந்தாலே நோய்தானா?

இல்லை. பளபளவென்று நிற்கிற செடியிலும் வேர், தண்டு, இலை எல்லாவற்றிலும் பாக்டீரியா உண்டு. அவரை, பயறு வகைகளின் வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது பாக்டீரியாதான். கரும்புத் தண்டுக்குள்ளேயே குடியிருந்து அதே வேலையைச் செய்கிற ஒன்றை 1988-இல் பிரேசிலில் விவரித்தார்கள். இன்று அதன் பெயர் குளூகோனசிட்டோபாக்டர் டையசோட்ரோபிகஸ். ஆகவே "செடியில் பாக்டீரியா இருக்கிறது" என்று மட்டும் ஒரு அறிக்கை சொன்னால் அதனால் ஒரு பயனும் இல்லை. எது என்பதுதான் கேள்வி.

அந்த "எது" சில சமயம் பாடப்புத்தகத்தையே மாற்றிவிடும். வேர் முடிச்சு என்றால் ரைசோபியம் குடும்பத்து வேலை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில், ரூய்போஸ் தேநீர் எடுக்கிற செடியின் பேரினமான அஸ்பலாத்தஸில் வேறொரு செடியின் வேர் முடிச்சிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் மரபணுக்களைப் படித்தபோது, அது ரைசோபியத்துக்கு நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்தது. பர்க்கோல்டேரியா வகை அது. 2001-இல் இது வெளியானது. இப்போது பாராபர்க்கோல்டேரியா டியூபரம் என்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பை மட்டும் நம்பியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மைக்ரோஸ்கோப் ஏன் போதாது?

பார்த்தால் எல்லாம் குட்டைக் குச்சிகள். தக்காளியைச் சாகடிப்பதும் குச்சி, ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் குச்சி.

சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்துப் பார்ப்பது கொஞ்சம் உதவும். எலுமிச்சைச் சொறி போன்ற நோய்களைத் தருகிற ஸாந்தோமோனாஸ் என்றால் மஞ்சளாக, வழவழப்பாக வளரும். தக்காளியை வாடவைக்கிற ரால்ஸ்டோனியாவை டெட்ரசோலியம் என்ற சாயப்பொருள் சேர்த்த தட்டில் விட்டால் வெள்ளையாக ஒழுகுகிற வட்டமும் நடுவில் ரோஸ் நிறமும் வரும். அனுபவசாலிகள் தட்டைத் தூக்கிப் பார்த்தே பேரைச் சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இலை மேல் மஞ்சளாக வளர்கிற அப்பாவிகளும் நிறைய உண்டு. இன்னொரு சிக்கல், சில பாக்டீரியா எந்தத் தட்டிலும் வளராது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயின் கிருமி அப்படிப்பட்டது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

பொம்தாமூர் (தக்காளி) செடி பச்சையாகவே இருந்து ஒரே நாளில் தொங்கிவிட்டது. உடனே டிஎன்ஏ பரிசோதனை வேண்டுமா?

முதலில் ஒரு கண்ணாடி டம்ளர் எடுங்கள். தக்காளிச் செடியைத் தரைக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு விரல் நீளத் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் தண்ணீரில் படும்படி தண்டைத் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டக்கூடாது. கறுப்புத் துணிக்கு எதிரே வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை நேராகக் கீழே இறங்கும். ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அது முழுக்கப் பாக்டீரியா. தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்ததுதான் வெளியே வருகிறது.

இழை வந்தால் பாக்டீரியா வாடல் என்று நம்பலாம். வராமல், தண்டை நீளவாக்கில் பிளந்தால் பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால், பூஞ்சை வாடலையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. இதற்குக் காசும் வேண்டாம், நாளும் வேண்டாம். டிஎன்ஏ அடுத்த கேள்விக்குத்தான் தேவைப்படுகிறது: இது வாடல் பாக்டீரியாவில் எந்த வகை?

பரிசோதனைக்கூடத்தில் இலையை என்னதான் செய்கிறீர்கள்?

நோய்ப்புள்ளியின் ஓரத்தில், நல்ல பச்சையும் கெட்ட பழுப்பும் சேர்கிற இடத்தில் ஒரு துண்டு வெட்டுவோம். நடுவில் செத்துப்போன இடத்தில் அழுகலுக்கு வந்த விருந்தாளிகள்தான் இருப்பார்கள். துண்டை அரைத்து, செல்லை உடைக்கிற கரைசலில் சூடாக்கி, புரதத்தையும் பச்சையத்தையும் பிரித்து எறிந்தால் கடைசியில் டிஎன்ஏ மிஞ்சும். மாம்பழ இலை, வெண்டை போன்றவை உயிரை வாங்கும். ஒன்றில் துவர்ப்புச் சத்து, இன்னொன்றில் கொழகொழப்பு. இரண்டுமே அடுத்த கட்டத்தைக் கெடுக்கும்.

அடுத்த கட்டம் பிசிஆர். கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பிசிஆர்தான். தேடுகிற மரபணுவின் இரு முனைகளிலும் ஒட்டக்கூடிய சிறு டிஎன்ஏ துண்டுகள், அதாவது பிரைமர்கள், சேர்த்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, 55 டிகிரி வாக்கில் இறக்கி, 72 டிகிரியில் நகலெடுக்க விடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். அதை ஜெல் என்ற கூழில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, ஒளிரும் பட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். சிறிய துண்டு கீழே வரை ஓடும், பெரியது மேலேயே நிற்கும். பட்டையின் அளவே பதிலாகிவிடுகிற பரிசோதனைகளும் உண்டு. மற்றவற்றில் அந்தத் துண்டின் எழுத்துக்களை (ஏ, சி, ஜி, டி என்று குறிக்கிற டிஎன்ஏவின் நாலு அலகுகள்) வரிசையாகப் படித்து, உலகெங்கும் இருந்து சேர்த்த தரவுக் களஞ்சியத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர் வைத்த ஒரு குழாயும் சேர்ந்து ஓடும். அதிலும் பட்டை வந்தால் அன்றைய முடிவெல்லாம் குப்பைக்கு. அறிக்கை வாங்குகிறவர்கள் "தண்ணீர்க் குழாய் என்ன சொன்னது?" என்று கேட்கலாம். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது.

எல்லாரும் சொல்கிற 16 எஸ் என்பது என்ன?

புரதம் செய்கிற ரைபோசோமின் ஒரு பாகத்துக்கான மரபணு. ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம். எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கிறது, வேலை ஒன்றே, அதனால் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை. நடுநடுவே சில பகுதிகள் மட்டும் மெல்ல மாறிக்கொண்டிருக்கின்றன. மாறாத பகுதியில் பிரைமரை ஒட்டவைத்து மாறும் பகுதியைப் படித்தால் யாருக்கு யார் உறவு என்று தெரியும். 1977-இல் கார்ல் வோஸ் இந்த ரைபோசோம் வழியாகத்தான் பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறான ஆர்க்கியா என்ற தனிக் கிளையே இருப்பதைக் கண்டார்.

இலையை அரைத்தால் செடியின் டிஎன்ஏவும் கலந்து வருமே?

நல்ல கேள்வி. இது ஒரு மாணவி கேட்டது. வரும், அதுவும் மிக வேடிக்கையான முறையில். இலையில் பச்சையம் இருக்கிற உறுப்பான பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியா வம்சம்தான். இரண்டிலும் சொந்த 16 எஸ் இருக்கிறது. பொதுவான பிரைமர் போட்டால் படித்து வருகிறதில் பெரும்பகுதி செடியின் பசுங்கணிகமாகவே இருக்கும். "என் கீரைக்குள் சயனோபாக்டீரியா நிறைய இருக்கிறது" என்று முதல் தடவை செய்கிற பிள்ளைகள் சந்தோஷமாக வந்து நிற்பது இதனால்தான்.

தப்பிக்க ஒரு வழி, பசுங்கணிகத்தில் ஒட்டாதபடி வடிவமைத்த 799 எஃப் என்ற பிரைமர். 2001-இல் வந்தது. அதை வழக்கமான 1492 ஆர் பிரைமரோடு சேர்த்துப் போட்டால் பசுங்கணிகம் விலகிவிடும். மைட்டோகாண்ட்ரியா விடாது, ஆனால் அதன் துண்டு சுமார் 1,090 எழுத்து, பாக்டீரியாவின் துண்டு சுமார் 735. ஜெல்லில் இரண்டும் தனித்தனிப் பட்டையாக நிற்கும். கீழே உள்ள பட்டையை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். புற ஊதா விளக்கடியில், கண்ணையும் முகத்தையும் மூடுகிற கவசம் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. அவசரப்பட்டால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

இலைக்கு *உள்ளே* இருப்பது மட்டும் வேண்டும் என்றால் மேற்பரப்பைச் சாராயத்திலும் பிளீச்சிலும் கழுவ வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் கழுவியது போதவில்லை. டிஎன்ஏவில் நேரடியாகப் பார்க்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும், பிளீச்சில் செத்ததும் சில சமயம் டிஎன்ஏவை விட்டுப்போகும்.

16 எஸ் 99 சதவீதம் ஒத்துப்போகிறது. இனத்தின் பெயரைப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பேரினம் வரைக்கும் தைரியமாகச் சொல்லலாம். இனத்தின் பெயருக்கு 16 எஸ் பல சமயம் போதாது. முன்பு 97 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்று ஒரு கணக்கு இருந்தது, பிறகு அது 98.7 வாக்கில் ஏறியது. கவனியுங்கள், கணக்கு ஒருவழிப் பாதை. அதற்குக் கீழே இருந்தால் வேறு இனம் என்று சொல்லலாம். மேலே இருந்தால் ஒரே இனம் என்று சொல்ல முடியாது. ஸாந்தோமோனாஸில் பல இனங்களின் 16 எஸ் கிட்டத்தட்ட அப்படியே ஒன்றாக இருக்கும். எலுமிச்சையைத் தாக்குவதையும் முட்டைக்கோஸைத் தாக்குவதையும் அதை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை.

அங்கே வேகமாக மாறுகிற மரபணுக்கள் வேண்டும். ஜைர் பி, ஆர்பிஓ டி என்று நாலைந்தை எடுத்து, வரிசைகளை ஒட்டவைத்து, உறவு மரம் போடுவார்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் முழு ஜீனோமையே, அதாவது மொத்த டிஎன்ஏவையும், படித்து, ஏற்கெனவே பெயரிட்ட இனத்தின் மாதிரி வகையோடு (அந்தப் பெயருக்கு அளவுகோலாக வைத்திருக்கிற பாக்டீரியா) ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒரே இனம். இது 1987-இல் வகுத்த 70 சதவீத டிஎன்ஏ கலப்பு விதியின் (இரண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏவைக் கலந்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பது) இன்றைய வடிவம்தான்.

இன்னொன்று. தரவுக் களஞ்சியத்தில் முதல் வரிசையில் வருகிற பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் போட்ட வரிசைகள் இருக்கின்றன, தப்புப் பெயர் தாங்கியவையும் உண்டு. மாதிரி வகையோடு ஒப்பிடுங்கள். ஆய்வேடு திருத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வாடல் பாக்டீரியாவின் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? எங்களுக்கு அதனால் என்ன?

ரால்ஸ்டோனியா சொலானசியாரம் என்று ஒன்றாகச் சொல்லிவந்தது உண்மையில் ஒரு கூட்டம். 2005-இல் பீகன், பிரியோர் இருவரும் அதை நாலு வம்சமாகப் பிரித்தார்கள். வேர்பிடித்த இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு: 1 ஆசியா, 2 அமெரிக்கா, 3 ஆப்பிரிக்காவும் அதை ஒட்டிய தீவுகளும், 4 இந்தோனேசியா வட்டாரம். 2014-இல் இவற்றை மூன்று இனங்களாக்கிவிட்டார்கள். 1-உம் 3-உம் ரால்ஸ்டோனியா சூடோசொலானசியாரம், 2 மட்டும் பழைய பெயரை வைத்துக்கொண்டது, 4 ரால்ஸ்டோனியா சிசிஜியை.

இதைக் கண்டுபிடிக்கிற பிசிஆர் எனக்குப் பிடித்த பரிசோதனை. ஒரே குழாயில் பல பிரைமர்கள். ஜெல்லில் 280 எழுத்து உயரத்தில் பட்டை வந்தால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். கூடவே 144-இல் ஒன்று வந்தால் வம்சம் 1, 372 என்றால் 2, 91 என்றால் 3, 213 என்றால் 4. எழுத்துக்களைப் படிக்காமலே, ஜெல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் ஈஜிஎல் என்ற மரபணுவைப் படித்து உட்பிரிவு எண் போடுவார்கள். நம் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தீவுகளில் அதிகம் தென்படுவது வம்சம் 1.

தோட்டக்காரருக்கு இதனால் என்ன என்றால்: ஒரு தக்காளி ரகம் வாடலைத் தாங்கும் என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருப்பது எந்த வம்சத்துக்கு எதிராகச் சோதித்தது என்பதைப் பொறுத்தது. வேறு வம்சம் உங்கள் மண்ணில் இருந்தால் அந்த ரகமும் சாயும். இரண்டாவது, வம்சம் 2-க்குள் உருளைக்கிழங்கோடு ஊர் ஊராகப் போகிற ஒரு பிரிவு இருக்கிறது. குளிரைத் தாங்கும். மேட்டு நிலத்தில் உருளை போடுகிறவர்கள் விதைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது என்பதில் கண்ணாக இருக்க வேண்டியது அதனால்தான்.

எலுமிச்சையில் சொறி. இந்த நோயை நம் முன்னோர்கள்தான் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்களாமே?

காவடி நெருங்கும்போது எலுமிச்சை பற்றிய கேள்விகள் கூடிவிடும், கூடவே இதுவும் வரும். கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோய் ஸாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியாவால் வருவது. இலையின் இரு பக்கமும் தக்கை போலப் புடைத்த புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். 1915-இல் இதற்குச் சூடோமோனாஸ் சிட்ரி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஸாந்தோமோனாஸ் ஆனது, நடுவில் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பெரிய இனத்துக்குள் ஒரு பிரிவாகத் தள்ளப்பட்டது, 1995-இல் ஆக்ஸோனோபோடிஸுக்குள் போனது, அப்புறம் சுற்றிவிட்டு சிட்ரிக்கே திரும்பியது. கிருமி என்னவோ அதேதான். ஒவ்வொரு முறையும் அளக்கிற கோல்தான் மாறியது.

2021-இல் பக்கத்துத் தீவான ரியூனியனில் உள்ள சிராட் வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உட்பட்ட ஒரு குழு அருமையான ஒரு வேலையை வெளியிட்டது. 1937-இல் இங்கே மொரீஷியஸில் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைத்த ஒரு எலுமிச்சைக் குடும்பத்து இலை. அதில் சொறிப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அந்தப் புள்ளியை வெட்டி, உள்ளே இருந்த பாக்டீரியாவின் முழு ஜீனோமையும் படித்துவிட்டார்கள். பயிர் நோய்ப் பாக்டீரியா ஒன்றின் பழைய ஜீனோம் இப்படிக் காய்ந்த இலையிலிருந்து கிடைத்தது அதுவே முதல் முறை. இது பழைய டிஎன்ஏதானா, நேற்று யாரோ தும்மியதில் ஒட்டியதா என்று எப்படித் தெரியும்? பழைய டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும். துண்டுகளின் முனைகளில் 'சி' என்ற எழுத்து 'டி' போலப் படிக்கப்படும்படி சிதைந்திருக்கும். அந்தச் சிதைவு இந்த இலையில் இருந்தது.

தேதி தெரிந்த ஒரு பழைய ஜீனோம் கிடைத்தால், அதற்கும் இன்றைய வகைகளுக்கும் இடையே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணி, மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். வேகம் தெரிந்தால் பின்னோக்கிப் போகலாம். அப்படிப் போனபோது, இந்தக் கிருமி நம் தீவுகளுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில் என்று வந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு நடந்த மக்கள் இடப்பெயர்வோடு இது தொடர்புள்ளதாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

அங்கேதான் நம் வீட்டுக் கதை வந்து சேர்கிறது. இங்கே 1835-இல் அடிமை முறை ஒழிந்தது, 1834 முதலே ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1920 வாக்கில் முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். கப்பலில் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் படிகளில் ஏறியவர்களில் நம் பாட்டன் பூட்டன்களும் உண்டு.

ஆனால் டிஎன்ஏ சொல்வது நூற்றாண்டையும் உறவையும் மட்டும். எந்தக் கப்பல், எந்தக் கை என்று அது சொல்லாது. அதே காலத்தில் வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் தாவரவியல் தோட்டங்களும் ஆசியாவிலிருந்து கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சோடு வந்த கூலிக்காரர்களை மட்டும் கைகாட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தமிழர்கள் என்று பார்த்தால் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இங்கே இருந்தார்கள். நம் சாப்பாட்டுக்கு எலுமிச்சை வேண்டும், கூட வந்தது கிருமி. அதற்கு யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

கறிவேப்பிலை மரம் இருந்தால் எலுமிச்சைக்கு ஆபத்து என்று வெட்டச் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. பசுமையாக்க நோய், சீனப் பெயரில் ஹுவாங்லாங்பிங். இதன் கிருமியை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோவது சிலிட் என்ற சின்னப் பூச்சி. ஆசிய சிலிட் கறிவேப்பிலைத் துளிரில் ஜோராக வளரும். ஆக அது பூச்சிக்குத் தொட்டில். மரத்தை வெட்டுகிறீர்களோ இல்லையோ, துளிர்களைக் கவனிக்க வேண்டும். கன்றை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக்கூடாது. வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது.

இந்தக் கிருமியின் கதை மரபணு அடையாளத்துக்கு நல்ல பாடம். 1970-இலேயே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். ஆனால் வளர்க்க முடியவில்லை, வளர்க்காமல் பெயர் வைக்க விதி இடம் தரவில்லை. 1994-இல் பிரான்ஸில் அதன் 16 எஸ் மரபணுவைப் படித்து எந்தக் கிளை என்று கண்டார்கள். அதே ஆண்டில்தான், வளர்க்க முடியாதவற்றுக்கு 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர் தரலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. இன்றுவரை அது கேண்டிடேட்டஸ் லிபரிபாக்டர்தான். 2009-இல் ஆசிய வகையின் முழு ஜீனோம் வந்தது: சுமார் 12 லட்சம் எழுத்துக்கள். வாடல் பாக்டீரியாவுக்கு 58 லட்சம். செடியின் சாறும் பூச்சியின் வயிறும் எல்லாவற்றையும் தருவதால் சொந்தமாகச் செய்துகொள்ளும் திறனை இழந்துவிட்டது, அதனால்தான் தட்டில் வளர மறுக்கிறது.

ஆசிய வகை, ஆப்பிரிக்க வகை என்று முக்கியமாக இரண்டு இனங்கள், அவற்றைக் கடத்த இரண்டு பூச்சிகள். உலகில் பல இடங்களில் ஒன்றுதான் இருக்கும். மொரீஷியஸிலும் ரியூனியனிலும் இரண்டு இனங்களையுமே கண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்க வகை வெக்கையைத் தாங்காது, மேட்டுப் பகுதியில்தான் குறி காட்டும். ஆசிய வகை கடற்கரை வெயிலிலும் கொல்லும். இலையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பிசிஆர்தான் வழி. ரியூனியனில் 1970-களில் சிலிட்டைத் தின்கிற தமரிக்ஸியா குளவிகளைக் கொண்டுவந்து விட்டது பெரிய வெற்றி என்று இன்றும் பேசுவார்கள்.

கண்ணால் பார்க்க ஒரு குறிப்பு: நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. ஒரு புறம் ஒரு மாதிரியும் மறுபுறம் வேறு மாதிரியும் திட்டுத்திட்டாக இருந்தால் இந்த நோயைச் சந்தேகப்படுங்கள்.

டிஎன்ஏ கிடைத்துவிட்டால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடுமா?

ஆகாது. இருந்தது என்றுதான் ஆகும். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் பிசிஆரில் பட்டை தரும். மருந்தடித்த மறுநாள் பரிசோதித்து "இன்னும் இருக்கிறதே" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். புது நோய் ஒன்று என்றால், பிரித்தெடுத்த பாக்டீரியாவை நல்ல செடியில் ஏற்றி, அதே குறி வருகிறதா, அதிலிருந்து அதே பாக்டீரியா திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கிற பழைய கோக் விதிகள்தான் இன்றும் தீர்ப்பு. லிபரிபாக்டர் போல வளராததில் அது முடியாது. ஒட்டுக்கட்டியும் பூச்சியை விட்டும் சுற்றிவளைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பிசிஆர் இல்லை என்று சொன்னால் மரம் சுத்தமா?

அந்த இலை சுத்தம், அவ்வளவுதான். லிபரிபாக்டர் மரம் முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஒரு கிளையில் நிறைய, பக்கத்துக் கிளையில் ஒன்றுமே இல்லை என்று இருக்கும். சாற்றுக்குழாயில்தான் அது வசிப்பதால் இலைப்பரப்பை விட்டுவிட்டு நடுநரம்பையும் காம்பையும்தான் அரைக்கிறோம். பல கிளைகளிலிருந்து எடுப்பது நல்லது.

கரும்புக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, இந்தத் தீவில் தாவர நோய் ஆராய்ச்சி வளர்ந்ததே கரும்பால்தான். பென்சிலால் கோடு போட்டதுபோல இலையில் வெள்ளைக் கோடு வந்தால் ஸாந்தோமோனாஸ் அல்பிலினியன்ஸ். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கிற மறுதாம்பைத் தாக்கும் குட்டைநோய் தருவது லைஃப்சோனியா என்ற பாக்டீரியா. அது வெளியே ஒரு குறியும் காட்டாமல் விளைச்சலை மட்டும் குறைக்கும், அதனால் அங்கே மரபணுப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம். விதைக்கரணையை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைக்கிற பழைய வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது.

கையடக்கக் கருவியில் வயலிலேயே டிஎன்ஏ படிக்கிறார்களாமே?

படிக்கிறார்கள். நானோபோர் கருவி கைபேசி அளவுதான். டிஎன்ஏவை நகலெடுக்கிற லேம்ப் என்ற முறையில் 65 டிகிரி வாக்கில் ஒரே சூட்டில் வைத்தே நிறம் மாறுவதைப் பார்க்கலாம். ஆனால் சரியான இலையை எடுப்பதும் டிஎன்ஏவைச் சுத்தமாகப் பிரிப்பதும் அப்போதும் உங்கள் கையில்தான்.

ரியூனியனிலோ சென்னையிலோ இருக்கிற தெரிந்தவருக்கு இலையை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமா?

கூடாது. அங்கிருந்து பையில் கறிவேப்பிலைக் கன்றோ எலுமிச்சை ஒட்டுக்கிளையோ கொண்டுவருவதும் கூடாது. 2006-ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே கொண்டுவர அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் பிடித்தால் "சாமி பிரசாதம்" என்று சொல்வதெல்லாம் எடுபடாது. ஆய்வுக்கூடங்கள் தங்களுக்குள் உயிருள்ள இலைக்குப் பதிலாகப் பிரித்தெடுத்த டிஎன்ஏவை உரிய தாள்களோடு அனுப்பிக்கொள்ளும்.

மாதிரி எப்படிக் கொண்டுவர வேண்டும்?

இங்கேயே ரெட்யூயில் வேளாண் அமைச்சகத்தின் தாவரநோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே கொடுங்கள். முழுக்கச் செத்த செடி வேண்டாம், நோய் தொடங்கிக்கொண்டிருக்கிற செடி வேண்டும். வாடல் என்றால் வேரும் அடித்தண்டும், இலைப்புள்ளி என்றால் புள்ளியுள்ள ஏழெட்டு இலை, மஞ்சள் திட்டு என்றால் காம்போடு பல கிளை இலைகள். ஈரம் போக லேசாகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அப்புறம் பையில் போடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அடைத்து வெயிலில் காரில் விட்டால் எங்களுக்குக் கிடைப்பது அழுகல் பாக்டீரியாதான். ஒவ்வொரு செடிக்கும் தனிப் பை, மேலே ஊர், பயிர், தேதி, கடைசியாக அடித்த மருந்து. பக்கத்தில் இருக்கிற நல்ல செடியிலிருந்தும் ஒரு இலை, தனிப் பையில். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதுவும் வேண்டும்.